தந்தையின் கல்லறையில் சேர்ந்து நின்ற மகன்கள்

(வானொலி மறையுரை)



நவம்பர் மாதம் இறந்த நம் உறவுகளுக்காகச் செபிக்கும் மாதம். 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் வெள்ளையடித்து, மெழுகுதிரியும் மாலையுமாய் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு வருத்தமான காட்சியும் உண்டு. ஒரே தகப்பனாரின் கல்லறைக்கு அண்ணன் குடும்பம் காலையில் வரும். தம்பி குடும்பம் மாலையில் வரும். நேரம் இல்லாததால் அல்ல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதால். அக்கா ஒருத்தி ஓரமாக நின்று செபித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் பேருந்து ஏறிப் போவாள்.

இந்த மாதத்தில் தொடக்க நூலை எடுத்து வாசியுங்கள். அதில் மூன்று அடக்கங்கள் இருக்கின்றன. மூன்றிலும் பகைத்துப் பிரிந்த சகோதரர்கள் தகப்பனின் கல்லறையில் ஒன்றாக நிற்கிறார்கள்.

முதல் அடக்கம்: ஈசாக்கும் இஸ்மயேலும்

ஆபிரகாம் 175 வயதில் இறந்தார். அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மயேலும் என்கிறது தொடக்க நூல் 25-ஆம் அதிகாரம். ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் எத்தனை கண்ணீர்!

சாராவுக்குப் பிள்ளை இல்லை. அவரே தம் பணிப்பெண் ஆகாரைக் கணவருக்குக் கொடுத்தார். இது அன்றைய மக்களிடம் இருந்த வழக்கம்தான். இராக் நாட்டின் கிர்குக் நகருக்கு அருகே நூசி என்னும் பழைய ஊரை 1925 முதல் 1931 வரை தோண்டினார்கள். கி.மு. 15, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு திருமண ஒப்பந்தம், பிள்ளை பெறாத மனைவி கணவனுக்கு ஒரு பணிப்பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பிறந்த பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. ஆபிரகாமின் வீட்டிலோ அனுப்பிவிட்டார்கள். ஈசாக்கு பிறந்து பால்குடி மறந்தபின், ஆகாரும் அவள் மகனும் கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீருமாகப் பாலைநிலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. காரணம் சொத்து. பணிப்பெண்ணின் மகன் தன் மகனோடு பங்காளியாகக் கூடாது என்பதே சாராவின் கவலை.

தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைப் புதரடியில் விட்டுவிட்டு ஆகார் அழுதாள். கடவுள் அந்தச் சிறுவனின் குரலைக் கேட்டார். ஒரு கிணற்றைக் காட்டினார். இஸ்மயேல் என்ற பெயருக்கே ‘கடவுள் கேட்கிறார்’ என்பதுதான் பொருள். வாக்குறுதி ஈசாக்கின் வழியாக வந்தது உண்மை. ஆனால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவனையும் கடவுள் கைவிடவில்லை. நம் குடும்பத்தில் பங்கு மறுக்கப்பட்டு வெளியே நிற்பவர் யாரோ, அவருடைய குரலும் கடவுளின் காதில் விழுகிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, தகப்பனின் சாவுச் செய்தி கேட்டு இஸ்மயேல் வந்தான். ‘என்னை விரட்டிய வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும்’ என்று அவன் கேட்டிருக்கலாம். ஈசாக்கும் அவனுக்கு இடம் விட்டு நின்றான்.

வாங்கிய நிலம் ஒன்றே ஒன்று

அந்தக் குகை எப்படி ஆபிரகாமுக்குச் சொந்தமானது? தொடக்க நூல் 23-ஆம் அதிகாரம் ஒரு கிரயப் பத்திரம் போலவே இருக்கிறது. எப்ரோன் என்ற இத்தியரிடம் ஆபிரகாம் 400 செக்கேல் வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார். நகர வாயிலில் எல்லார் முன்னிலையிலும் விற்பனை நடக்கிறது. நிலம், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று சொத்து விவரமும் சொல்லப்படுகிறது. நாடு முழுவதையும் தருவதாகக் கடவுள் வாக்களித்திருந்தார். ஆனால் ஆபிரகாம் தம் பணத்தில் வாங்கியது மனைவியை அடக்கம் செய்யும் அளவு நிலம் மட்டுமே. வாக்குறுதியை நம்பி அவர் கூடாரத்தில் வாழ்ந்தார்.

நம் பகுதிக்கு இது நன்றாகப் புரியும். ஒரு காலத்தில் நெல்லும் கடலையும் விளைந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலையும் வந்தபின் வேறு விலைக்குப் போகிறது. தகப்பன் காலத்தில் யாரும் கேட்காத மேட்டு நிலத்துக்கு இன்று தரகர்கள் தேடி வருகிறார்கள். விலை ஏறியதும் வரப்பு ஓரத்து ஓரடி நிலமும் வழக்காகிறது. நிலம் ஏழையாக்கவில்லை; உறவுதான் ஏழையாகிறது.

இரண்டாம் அடக்கம்: ஏசாவும் யாக்கோபும்

ஈசாக்கு 180 வயதில் இறந்தார். அவரை ஏசாவும் யாக்கோபும் அடக்கம் செய்தார்கள் (தொநூ 35). இவர்கள் தாயின் வயிற்றிலேயே மோதிக்கொண்ட இரட்டையர்.

பெற்றோரே இங்கு முதல் தவறு செய்தார்கள். வேட்டைக் கறி கொண்டு வந்த ஏசாவைத் தகப்பனுக்குப் பிடித்தது. வீட்டோடு இருந்த யாக்கோபைத் தாய்க்குப் பிடித்தது. பசியோடு வந்த அண்ணனிடம் ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தலைமகனுரிமையை யாக்கோபு வாங்கிக்கொண்டான். தலைமகனுக்கு இரண்டு பங்கு என்று பின்னாளில் மோசேயின் சட்டமும் சொல்கிறது (இச 21). அதனால் அது சின்ன இழப்பல்ல. நூசியில் கிடைத்த பலகை ஒன்றிலும் ஒருவன் தனக்கு வரவேண்டிய தோப்பின் பங்கை மூன்று ஆட்டுக்குத் தன் சகோதரனிடம் விட்டுக்கொடுத்த செய்தி இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கும் உடன்பிறப்பிடம் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

பிறகு அண்ணனின் உடையை உடுத்தி, கையில் ஆட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனிடம் ஆசியையும் யாக்கோபு வாங்கிவிட்டான். அதற்கு அவன் கொடுத்த விலையைப் பாருங்கள். உயிர்தப்ப ஊரைவிட்டு ஓடினான். தாய் ரெபேக்கா அவனை மறுபடி பார்த்ததாகத் தொடக்க நூல் எங்கும் சொல்லவில்லை. தம்பி அண்ணனாக வேடமிட்டான். மாமன் லாபான் தங்கைக்குப் பதில் அக்காவை மணமுடித்து வைத்தான். ஆட்டுத் தோலாலும் அண்ணன் உடையாலும் தகப்பனை ஏமாற்றினான். பின்னாளில் அவன் பிள்ளைகள் ஆட்டு இரத்தத்தாலும் தம்பி யோசேப்பின் அங்கியாலும் அவனை ஏமாற்றினார்கள். கடவுள் யாக்கோபைத் தேர்ந்துகொண்டார் என்பதற்காக அவன் செய்தது நியாயமாகிவிடவில்லை.

20 ஆண்டுகள் கழித்து யாக்கோபு ஊர் திரும்பினான். ஏசா 400 ஆள்களோடு எதிரே வருவதாகக் கேள்விப்பட்டுக் கலங்கினான். ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று குட்டிகள் நீங்கலாகவே 550 கால்நடைகளை அன்பளிப்பாக முன்னால் அனுப்பினான். அன்று இரவு யாபோக்கு ஆற்றங்கரையில் தனியே நின்றபோது ஒருவர் விடியும்வரை அவனோடு மற்போரிட்டார். இடுப்புச் சந்து விலகி நொண்டிக்கொண்டே எழுந்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 ஜூன் 10-ஆம் தேதி இறைவேண்டல் பற்றிய புதன் மறைக்கல்வியில் இந்த நிகழ்வைத்தான் விளக்கினார். எப்போதும் தன் சாமர்த்தியத்தால் வென்று பழகியவன் முதன்முறையாகத் தன் பலவீனத்தோடு கடவுள்முன் நின்ற இரவு அது.

விடிந்ததும் முன்னால் நடந்து போய், ஏழு முறை தரையில் விழுந்து அண்ணனை வணங்கினான். ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்து முத்தமிட்டான். இருவரும் அழுதார்கள். அன்பளிப்பு தேவையில்லை, தன்னிடம் போதுமானது இருக்கிறது என்றான் ஏசா. ‘எனக்குப் போதும்’ என்று சொல்லத் தெரிந்தவன்தான் அன்று பெரியவன்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழுது சமாதானமானபின் இருவரும் ஒரே வீட்டில் குடியேறவில்லை. ஏசா சேயீருக்குப் போனான். யாக்கோபு தன் வழியே போனான். ஆபிரகாமும் லோத்தும்கூட மேய்ச்சல் நிலம் போதாமல் பிரிந்தவர்கள்தான். அங்கே பெரியவரான ஆபிரகாமே, எந்தப் பக்கம் வேண்டுமோ நீ முதலில் எடுத்துக்கொள் என்று சகோதரன் மகனிடம் சொன்னார். பாகம் பிரிப்பது பாவமல்ல. பாகத்தோடு பாசத்தையும் வெட்டுவதுதான் பாவம்.

மூன்றாம் அடக்கம்: பன்னிருவர்

17 வயதில் யோசேப்பு 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான். விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. 30 வயதில் யோசேப்பு எகிப்தின் ஆளுநரானான். ஏழு வளமான ஆண்டுகள் கழிந்து, பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டில் சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்தினான். கணக்குப் பார்த்தால் 22 ஆண்டு இடைவெளி.

யோசேப்பு உடனே மன்னித்துவிடவில்லை; அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தான். பென்யமினை அடிமையாக நிறுத்திவைப்பேன் என்றபோது, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்தவன் அதே யூதா. ஒரு தம்பியை விற்றவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னையே கொடுக்கிறான். இதுதான் மனமாற்றம். நம் ஆண்டவர் இயேசு யோசேப்பின் மரபில் அல்ல, மனம் மாறிய இந்த யூதாவின் மரபில் பிறந்தார் என்று மத்தேயு நற்செய்தி முதல் அதிகாரம் சொல்கிறது. குறையில்லாத குடும்பத்தைத் தேடிக் கடவுள் காத்திருக்கவில்லை.

யாக்கோபு இறந்ததும் பன்னிரு மகன்களும் அவரை மக்பேலாவுக்குக் கொண்டுபோனார்கள். அடக்கம் முடிந்ததும் மற்றவர்களுக்குப் பயம் வந்தது: அப்பா இருந்தவரை பொறுத்தான், இனிப் பழிவாங்குவானோ? யோசேப்பு அழுதான். தீர்ப்பிடுவது கடவுளின் இடம், தன் இடமல்ல என்றான். அவர்கள் செய்த தீமையைக் கடவுள் பலரின் உயிரைக் காக்கும் நன்மையாக மாற்றினார் என்றான். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் காப்பதாக வாக்களித்தான். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அடங்கியிருந்து, பதினாறாம் நாள் முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் காலம் இது. தகப்பனுக்குப் பிறகும் நிலைத்தது யோசேப்பின் மன்னிப்பு.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பெண் பிள்ளைகளின் பங்கு. லாபானின் மகள்கள் லேயாவும் ராகேலும், தகப்பன் வீட்டில் தங்களுக்குப் பங்கே இல்லை, தங்களை அந்நியராக நடத்துகிறார் என்று மனம் வெதும்பினார்கள் (தொநூ 31). இன்றும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்கா தங்கைகளை அழைத்துப்போய், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. மூத்தவன், இளையவன் என்பதும் இல்லை. கேரளத்தில் மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில், பழைய திருவிதாங்கூர் பகுதிக்கும் இந்தச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனமுவந்து விட்டுக்கொடுப்பது தியாகம். ஏமாற்றி வாங்குவது ஆட்டுத் தோல் வேலை.

இரண்டாவது, பெற்றோரின் கடமை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பல வண்ண அங்கி தைக்காதீர்கள். நல்ல சுயநினைவோடு இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, வெளிப்படையாகப் பேசி எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பகிர்ந்துகொள்ளும் வழியைத் தேடுங்கள். நம் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடம் ‘பாடு’ என்ற பழைய முறை இருக்கிறது. நல்ல மீன்பிடி இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் முறைவைத்து மாறி மாறி வலை போடுவார்கள். அங்கும் சச்சரவு வராமல் இல்லை. ஆனால் உன் முறை, என் முறை என்ற எண்ணம் இருப்பதால் ஏரி எல்லாருக்கும் சோறு போடுகிறது. ஈசாக்கும் இப்படித்தான். தோண்டிய கிணற்றுக்கு மற்றவர்கள் சண்டைக்கு வந்தபோது விட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டினார். அதற்கும் வந்தார்கள், மூன்றாவதைத் தோண்டினார். முதல் கிணற்றுக்குச் சண்டை என்றும், இரண்டாவதற்குப் பகை என்றும், மூன்றாவதற்குப் பரந்த இடம் என்றும் பொருள்படும் பெயர் வைத்தார் (தொநூ 26). எல்லா நேரமும் விட்டுக்கொடுக்க முடியாதுதான். உரிமைக்காக நிற்கவும் வேண்டும். ஆனால் பகை என்ற கிணற்றடியிலேயே வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்துவிடக் கூடாது.

சொத்தைப் பிரித்துத் தரும்படி சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவர் கேட்டபோது, இயேசு அந்தப் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்தார் (லூக் 12). காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகு என்றும் கற்பித்தார் (மத் 5). மனத்தாங்கல் நமக்கு இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு இருந்தால் என்றார். யார் முதலில் பேசுவது என்ற கேள்விக்கு ஆண்டவரின் பதில் அது.

இந்த மாதம் முடிவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ‘அண்ணே, அப்பா கல்லறைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க? நாங்களும் அப்பவே வர்றோம்’ என்று கேளுங்கள். வழக்கு முடிய நாளாகலாம். பத்திரம் பதிய நாளாகலாம். சேர்ந்து ஒரு மெழுகுதிரி ஏற்ற நாள் பார்க்க வேண்டியதில்லை.

செபிப்போம்: ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின் கடவுளே, யாக்கோபின் கடவுளே, குறையுள்ள அந்தக் குடும்பத்தை நீர் கைவிடவில்லை. எங்கள் குடும்பங்களையும் கைவிடாதேயும். எங்களுக்குப் போதும் என்ற மனத்தையும், முதலில் நடந்து போகும் கால்களையும் தாரும். இறந்த எங்கள் பெற்றோர் உம் அமைதியில் இளைப்பாறுவார்களாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.