கடல் தாண்டிய குடும்பங்கள் – 11: பிரேதம் ஊருக்கு வரும் வழி

புங்குடுதீவில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அழுகைக்கு நடுவிலேயே ஒரு கேள்வி எழும்: “பிரேதத்தை இஞ்ச கொண்டு வரேலுமோ?” அனேகமாக அதைக் கேட்பவர் தாய். பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் ரொறன்ரோவில் இருப்பார், இன்னொருவர் பாரிஸில், மூன்றாமவர் சுவிஸில்.

தீவகத்தில் இது அடிக்கடி எழும் கேள்வி. 1990களின் தொடக்கத்தில் போர் இந்த ஊரை அடியோடு பெயர்த்தது. ஆளில்லாமல் போன அந்த ஊரைத்தான் இந்த மண்ணின் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் எழுதினார். திரும்பி வந்தவர்கள் சிலர்; கடல் தாண்டிப் போனவர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன தலைமுறையும் உண்டு. இந்த இரு சாராரின் மரணமும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால்

பிரான்சிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றவர் சட்டப்படி அந்த நாட்டவர். அங்குள்ள மலர்ச்சாலையிடம் பொறுப்பைக் கொடுத்தால் பத்திர வேலைகளை அவர்களே பார்ப்பார்கள். பல குடும்பங்கள் அங்கேயே தகனம் செய்து, சாம்பலை ஊருக்குக் கொண்டுவந்து, கீரிமலையில் கரைத்து, அந்தியேட்டி செய்கின்றன. மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், முத்திரையிட்ட கலசம் ஆகிய மூன்றும் முக்கியம். கலசம் மரத்தில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் சிக்கல் குறைவு. உலோகக் கலசத்துக்குள் இருப்பதைக் கருவி காட்டாது. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதலாளி மட்டும் பக்கத்தில் இருந்தால்

வளைகுடாவில் வீட்டுவேலைக்கோ சாரதி வேலைக்கோ போனவர் இறந்தால், பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. முதலில் அந்த நாட்டுப் பொலிஸ், வைத்தியசாலை அறிக்கைகள் வேண்டும். மரணத்தில் சந்தேகம் இருந்தால் விசாரணை முடியும் வரை உடல் பிணவறையில்தான் இருக்கும்.

இதற்கிடையில் ஊரில் உள்ள குடும்பம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. உடலைக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா என்பதை நெருங்கிய உறவினர் எழுத்தில் தர வேண்டும். உறவை நிரூபிக்கப் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, இறந்தவரின் கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவை தேவை. புங்குடுதீவு வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருவதால், கிராம அலுவலரிடம் தொடங்கும் உறுதிப்படுத்தல் வேலணைக்குப் போகும். அங்கிருந்து வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகப் போகும்போது தடையாக வந்து நிற்பது பெயர். கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிப்பதற்குள் நாட்கள் போய்விடும்.

அங்குள்ள இலங்கைத் தூதரகம் மரணத்தைப் பதிவு செய்து, ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் கொடுக்கும். பிறகு உடல் பழுதடையாமல் மருந்தேற்றி, துத்தநாகத் தகடு பதித்த பெட்டியில் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். மருந்தேற்றிய சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற சான்றிதழ், பெட்டி முத்திரையிட்ட சான்றிதழ் ஆகிய மூன்றும் பெட்டியோடு வர வேண்டும். பிரேதம் விமானத்தில் சரக்காகத்தான் வரும். கட்டணம் எடையைப் பொறுத்தது. பெற்றுக்கொள்பவர் என்று யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பிறகு பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் பாலம் கடந்து ஊர்.

செலவு யாருடையது?

வீட்டுவேலைக்குப் போனவர்களை உள்ளடக்காத சவூதித் தொழிற் சட்டத்தின் 40ஆவது பிரிவு இதில் தெளிவானது: இறந்த தொழிலாளியின் உடலைத் தயார்செய்து, ஒப்பந்தம் செய்த இடத்துக்கோ ஆள் எடுத்த இடத்துக்கோ அனுப்பும் செலவு முதலாளியுடையது. குடும்பம் சம்மதித்து உடலை அங்கேயே அடக்கம் செய்தால் விலக்கு. ஆகவே “அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம்” என்ற கடிதத்தில் அவசரப்பட்டு ஒப்பமிடக் கூடாது. அது குடும்பத்தின் முடிவாக இருக்க வேண்டும். யாரோ தொலைபேசியில் நெருக்கியதற்காகக் கொடுப்பதாக இருக்கக் கூடாது.

இலங்கையில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், தன்னிடம் பதிவு செய்து போனவர்களுக்குக் காப்புறுதி தருகிறது. அதன் அவசர அழைப்பு இலக்கம் 1989. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும்போது பதிவையும் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுற்றுலா விசாவில் போனவர்களும் முகவரிடம் காசு கொடுத்துக் கடல் வழியே போனவர்களும் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. 2022 நவம்பரில் வியட்நாம் கடலில் மீட்கப்பட்ட 303 இலங்கையரில் ஒருவர் அந்த நாட்டிலேயே உயிரிழந்தார். அப்படியான மரணங்களில் தூதரகத்தின் மனமும் ஊராரின் காசும்தான் துணை. ஊர்ச் சங்கங்கள் புலம்பெயர்ந்தவர்களிடம் சேர்த்துத் தரும் பணம் பெரிய உதவி. ஆனாலும் அரசு செய்ய வேண்டிய கடமை ஊரின் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

வேகமாக முடியாத காரியமா?

உடுப்பிட்டியைச் சேர்ந்த சாந்தன் என்ற சுதேந்திரராஜாவின் சாவு இதற்கு விடை சொல்லும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த அவரை இந்திய உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. வெளிநாட்டவர் என்பதால் திருச்சி சிறப்பு முகாமில் வைத்தார்கள். வயதான தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி கிடைத்தபோது அவர் நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். 2024 பெப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. மார்ச் 1 அன்று உடல் கொழும்புக்கு வந்துவிட்டது. மார்ச் 4 அன்று உடுப்பிட்டியில் இறுதிக் கிரியை நடந்தது.

உயிரோடு வருவதற்குப் பதினைந்து மாதங்களாகத் திறக்காத கதவு, உடலுக்கு இரண்டு நாளில் திறந்தது. வழக்கறிஞர்கள் நின்றார்கள், நீதிமன்றம் கேட்டது, பத்திரிகைகள் எழுதின. இரண்டு அரசுகளும் அசைந்தன. அதே பத்திரங்களுக்காக ஒரு பணிப்பெண்ணின் உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடப்பதற்கு, அவளுக்காகக் கேட்க ஆளில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாட்டின் குடிமகன் ஒருவரின் உடலை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பது அரசின் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இவர்கள் அனுப்பும் காசில் நாடு மூச்சுவிடுகிறது. அந்தக் கடனுக்கு ஈடாக இது மிகச் சிறிய கோரிக்கை.

அதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடியது உண்டு. வெளிநாட்டில் இருப்பவரின் கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம், பணியகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஊரில் ஒருவரிடம் வைத்திருங்கள். பெயர் வேறுபாடு இருந்தால் இன்றே திருத்துங்கள். உடலா, சாம்பலா, போன இடத்து மண்ணா என்பதை உயிரோடு இருக்கும்போதே பேசி வையுங்கள். உடலைக் கொண்டுவர முடியாத பிள்ளைகளைக் கடமை தவறியவர்கள் என்று செத்தவீட்டில் யாரும் பேசாதீர்கள். கீரிமலையில் கரைக்கும் சாம்பலுக்கும் அதே கிரியைதான், அதே தாய்தான்.

அடுத்த வாரம்: வாரிசுகள் வெளிநாட்டில் இருக்க, தீவகத்தில் உரிமை பிரியாமல் கிடக்கும் காணிகள்.

(தொடரும்)