சதுரங்கத்தில் சுவை மிகுந்த பகுதி எது?

சதுரங்கம் ஆடுவோர் இருவர் ஓரிடத்தில் கூடினால், ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்களது விவாதம் முடிவதில்லை. ஆட்டத்தின் எந்தப் பகுதி ரசம் மிக்கது என்பது அவ்விவாதங்களுள் மிகப் பழமையானது. காய்களை அணிவகுத்து நிறுத்தும் ஆரம்பப் பகுதியே இன்பம் என்பார் ஒருவர். அணிகள் மோதிக் கலங்கும் நடுப்பகுதியே ஆட்டத்தின் உயிர் என்பார் மற்றொருவர். பலகை வெறிச்சோடி, ராஜாவும் இரண்டொரு சிப்பாய்களுமே எஞ்சி நிற்கும் கடைப்பகுதிக்குப் பரிந்து பேசுவோர் மிகச் சிலர். நாம் அச்சிலரின் கட்சியைச் சேர்ந்தவர்கள். அதற்குரிய நியாயங்களை நேயர்கள் முன் வைக்கக் கருதுகிறோம். எனினும், எதிர்க்கட்சியாரின் வாதத்தை முதலில் குறைவறக் கேட்டுவிடுவதே முறையாகும்.

ஆரம்பப் பகுதியை விரும்புவோரின் ரசனையைக் குறைவாக எண்ணலாகாது. இரு தரப்பாரும் ஆளுக்கொரு முறை காய் நகர்த்திய மாத்திரத்தில் பலகையில் 400 விதமான நிலைகள் தோன்றக்கூடும். அடுத்தடுத்த நகர்வுகளில் அத்தொகை எண்ணிலடங்காது பெருகிவிடும். இப்பெருங்காட்டில் முன்னோர் வெட்டி வைத்த பாதைகளே ஸ்பானிய முறை, சிசிலியத் தற்காப்பு முதலான ஆரம்ப முறைகள். அவற்றுக்குப் பெயருண்டு, சரித்திரமுண்டு. வீட்டில் இருந்துகொண்டே ஒரு புது வழியைக் கண்டுபிடித்து, அதை மறைத்து வைத்திருந்து, தக்க தருணத்தில் பலகையில் வெளியிட்டு, எதிரி திகைப்பதைக் காண்பதில் ஆட்டக்காரனுக்கு உண்டாகும் களிப்பு சாமானியமானதன்று.

2008ஆம் ஆண்டு ஜெர்மனியில் பான் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி இதற்குத் தக்க சான்று. விளாதிமிர் கிராம்னிக்கை எதிர்த்து ஆடிய விசுவநாதன் ஆனந்த், வெள்ளைக் காய்களுடன் ஆடும்போது பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயையே முதலில் நகர்த்தும் தமது வழக்கத்தைக் கைவிட்டு, ராணியின் சிப்பாயை முன்தள்ளினார். கறுப்புக் காய்களுடன் ஆடியபோதோ, எவரும் எதிர்பாராத ஒரு கூரிய முறையைக் கையாண்டு மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் வெற்றி கண்டார். 6½க்கு 4½ என்ற கணக்கில் பட்டம் அவருடையதாயிற்று. அவ்வெற்றியில் பாதி, போட்டி தொடங்குவதற்கு முன்பே வீட்டில் சம்பாதிக்கப்பட்டது எனலாம்.

ஆயினும் இவ்வின்பத்துக்கு ஒரு குறையுண்டு. அது நாளடைவில் மனப்பாடமாக வறண்டுவிடுகிறது. அமெரிக்க மேதை பாபி ஃபிஷர் இதைக் கண்டு மனம் கசந்து, பின்வரிசைக் காய்களை 960 விதமாக மாற்றி அடுக்கி ஆடும் ஒரு முறையை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டார். இப்பொழுதோ கணிப்பொறி வந்துவிட்டது. ஒருவர் காணும் புது வழியை மற்றவரின் யந்திரமும் அன்றிரவே கண்டுவிடக்கூடும்.

இனி நடுப்பகுதிக்கு வருவோம். ஆடுவோரில் மிகப் பலருடைய உள்ளம் இங்கேதான் தங்கியிருக்கிறது, காரணம் வெளிப்படை. பாடம் செய்த பாதை முடிந்து, சொந்த அறிவு ஒன்றே துணையாகும் இடம் இது. உலக வாழ்க்கையில் கையிலிருப்பதை இழப்பது நஷ்டம். சதுரங்கத்திலோ, இழப்பதே வெல்லும் வழியாவதுண்டு. 1851ஆம் ஆண்டு லண்டனில், பந்தயத்துக்குப் புறம்பாக ஓய்வு வேளையில் ஆடிய ஓர் ஆட்டத்தில், அடால்ஃப் ஆண்டர்சன் ஒரு மந்திரியையும், இரண்டு யானைகளையும், இறுதியில் ராணியையுமே பலி கொடுத்தார். எஞ்சிய ஒரு மந்திரியையும் இரண்டு குதிரைகளையும் கொண்டே எதிரியின் ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்கினார். ‘அமர ஆட்டம்’ என்று உலகம் அதை இன்றளவும் கொண்டாடுகிறது. 1960இல் தமது இருபத்து மூன்றாம் வயதில் போட்வின்னிக்கை வென்று உலகப் பட்டம் பெற்ற மிகையில் தாலும் இவ்வழியினரே. அவருடைய பலிகள் சிலவற்றுக்குப் பிற்காலத்தார் சாவகாசமாக ஆராய்ந்து மறுப்புக் கண்டனர். ஆனால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க எதிரே அமர்ந்திருந்தவருக்கு அம்மறுப்புப் புலப்படவில்லை. அபாயத்தின் விளிம்பில் நின்று கற்பனையை ஆயுதமாக்கும் இந்த இன்பத்தை மறுக்க நமக்கும் மனம் வரவில்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னர், கடைப்பகுதிக்குச் சொல்ல என்ன மிஞ்சியிருக்கிறது? மூன்று விஷயங்கள் மிஞ்சியிருக்கின்றன.

முதலாவது, இங்கே பதவிகள் தலைகீழாகின்றன. அதுவரை மூலையில் அரணுக்குள் ஒடுங்கிக் கிடந்த ராஜா, பெரும்படை ஒழிந்ததும் தானே போர்வீரனாகி நடுக்களத்துக்கு வந்துவிடுகிறான். தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தாத ஒற்றைச் சிப்பாய், இப்பொழுது ஆட்டத்தின் தலைவிதியையே சுமந்து செல்கிறான். கடைசி வரிசையை அடைந்தால் அவனே ராணியாவான். சிறியோர்க்கு மதிப்பு வரும் பகுதி இது ஒன்றே.

இரண்டாவது, இங்கே அறிவு ஊகமாக நில்லாமல் உண்மையாகிவிடுகிறது. நடுப்பகுதியில் ‘நல்ல நகர்வு’ என்பது பெரும்பாலும் அபிப்பிராயமே. கடைப்பகுதியிலோ தீர்ப்பு உண்டு. இரு ராஜாக்களும் நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை எவனுடையதோ அவனே வழிவிட்டு விலக நேரிடும். இந்தச் சிறு விதியை உணர்ந்தவன் வெல்வான், அல்லது தோல்வியிலிருந்து தப்புவான். உணராதவன் கைக்கு வந்ததை இழப்பான்.

மூன்றாவது, சிக்கனத்தின் அழகு. ரிச்சர்ட் ரெட்டி என்பவர் 1921இல் வெளியிட்ட புதிர் ஒன்றில் பலகையில் நான்கே காய்கள். கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க வெள்ளை ராஜா இரண்டு நகர்வு பின்தங்கியிருக்கிறான். வெள்ளையின் சிப்பாயோ எதிரி ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. தோல்வி நிச்சயம் என்றே பார்ப்பவர் சொல்வர். ஆனால், வெள்ளை ராஜா குறுக்குச் சாய்வாக நடக்கிறான். ஒவ்வோர் அடியிலும் எதிரிச் சிப்பாயைத் துரத்துகிறான். அதே அடியில் தன் சிப்பாய்க்குத் துணையாகவும் நெருங்குகிறான். எதிரியால் இரண்டையும் ஒருங்கே தடுக்க இயலவில்லை, ஆட்டம் சமனாகிறது. நேர்வழியே குறுகிய வழி என்ற நம் எண்ணத்தை இப்புதிர் ஒரு கணத்தில் உடைத்துவிடுகிறது.

கடைப்பகுதி நீண்டு சலிப்பூட்டும் என்பது ஓர் ஆட்சேபம். நீளும் என்பது மெய்தான். 2021இல் துபாயில் கார்ல்ஸனும் நெப்போம்னியாச்சியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்வுகள் வரை சென்றது. ஆனால், ஒவ்வொரு நகர்விலும் தவறுவதற்கு வாய்ப்பிருக்கையில் அதைச் சலிப்பு என்பது எங்ஙனம்? அவ்வாட்டத்தில் நெப்போம்னியாச்சி தோற்றார். அதன் பின் அப்போட்டியில் அவர் தலை நிமிரவே இல்லை.

இக்கலையை அசட்டை செய்தால் நேரும் நஷ்டத்தை நம் ஊரே கண்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலேயே நடந்த போட்டியில் கார்ல்ஸன் முதலிரண்டு வெற்றிகளையும், யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சிய கடைப்பகுதிகளில்தான் ஆனந்திடமிருந்து பறித்தார். சமனாகிவிடும் என்று எல்லோரும் எண்ணிய நிலைகள் அவை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் வெற்றியை நெருங்கிய ஆட்டத்தைக் கடைப்பகுதியில் பிழைசெய்து அப்துசத்தோரோவிடம் இழந்தார்.

அதே இளைஞர் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரே அமர்ந்தார். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்து கணக்குச் சமமாக நின்ற நாள் அது. பதினான்காவது ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். எனினும் சமனே முடிவு என்று பார்த்தோர் பலரும் தீர்மானித்துவிட்டனர். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. 55ஆவது நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் மாறின, மந்திரிகள் மாறின, இரண்டு சிப்பாய்க்கு ஒன்று என்ற நிலையில் ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நின்றனர். நகர வேண்டிய முறை டிங்கினுடையது. அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பதினெட்டு வயதில் உலகப் பட்டம் கிடைத்தது, மேலே நாம் சொன்ன அந்தச் சிறு விதியின் வாசலில்!

நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிப்போர் ஆரம்ப முறைகளை நெட்டுருச் செய்விப்பதிலேயே காலத்தைச் செலவிடுவது சரியன்று. சீக்கிரம் சிறு வெற்றிகள் கிடைப்பதால் பெற்றோர் மகிழ்கின்றனர், பிள்ளையும் மகிழ்கிறான். எதிரி பாடத்தை விட்டு விலகியதும் அப்பிள்ளை வழி தெரியாமல் நிற்கிறான். உலகச் சாம்பியனாயிருந்த கபபிளாங்கா கடைப்பகுதியையே முதலில் கற்க வேண்டும் என்று போதித்தார். நம் பஞ்சாபிலிருந்து சென்ற மீர் சுல்தான் கானோ, மேனாட்டு ஆரம்ப நூல்களைப் படித்தறியாதவர். சிப்பாய் முதல் அடியிலும் ஒரே கட்டம் செல்லும் நம் நாட்டு முறையில் பழகியவர். எனினும் நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் பெற்றிருந்த வலிமையால் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். இடையில் ஹேஸ்டிங்ஸில் கபபிளாங்காவையே தோற்கடித்தார்.

டிக்ரி பெறுவது வேறு, அதை நிறைவேற்றிக் கொள்வது வேறு என்பதைக் கோர்ட்டுப் படியேறிய எவரும் அறிவர். ஆரம்பம் நம் உரிமையை எடுத்துரைக்கிறது. நடுப்பகுதி வாதிட்டு டிக்ரி பெற்றுத் தருகிறது. சொத்து கைக்கு வருவது கடைப்பகுதியில்தான். ஆகவே மற்ற இரு பகுதிகளின் இன்பங்களை யாரும் துறக்க வேண்டியதில்லை. ஆனால், பலகையின் முன் முதன்முதலாக உட்காரும் பிள்ளையிடம் முப்பத்திரண்டு காய்களையும் ஒருங்கே கொடுத்துவிடாமல், இரண்டு ராஜாக்களையும் ஒரு சிப்பாயையும் மட்டும் முதலில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.