பேஸ்மென்ட் குளியலறைச் சுவர்கள்

டொரொன்டோ வட்டார வீடுகளில் பேஸ்மென்ட் குளியலறையின் வெளிச்சுவர் பெரும்பாலும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் கான்கிரீட். மேல்மாடிக் குளியலறைச் சுவருக்கு ஈரம் உள்ளிருந்துதான் வரும். இங்கே இரண்டு பக்கமும் வரும். உள்ளே ஷவர் நீரும் ஆவியும். வெளியே மழையிலும் உருகிய பனியிலும் ஊறிய மண். அந்த மண்ணின் ஓதம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே ஏறும். போதாக்குறைக்கு, கோடையின் புழுக்கக் காற்று குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டு அங்கேயே நீராக வியர்க்கும். ஸ்கார்பரோவில் பேஸ்மென்டை வாடகைக்கு விடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். குடியிருப்போர் அனைவரும் அந்த ஒரே குளியலறையைப் புழங்குவதால் சுவர் உலர இடைவெளியே கிடைப்பதில்லை.

ஆகவே டைல் கடைக்குப் போகுமுன் கான்கிரீட்டைச் சோதிக்க வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதன் வழியே நீர் நடமாடுகிறது என்று பொருள். எதுவும் கண்ணில் படாவிட்டாலும், 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பினாலோ கான்கிரீட் கறுத்தாலோ ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் துளிர்த்தால் அது காற்றின் ஈரம். முதல் வகைக்கு மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது: கூரைத் தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளி விடுதல், மண்ணைச் சரித்து விடுதல், விரிசலை அடைத்தல். கசியும் சுவரை எவ்வளவு விலையுயர்ந்த டைலாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் இடைப்பட்ட அடுக்கு. மரச்சட்டம் அடித்து, கண்ணாடி நார் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்துவது நெடுநாள் வழக்கம். நார் காற்றைத் தடுப்பதில்லை. அறைக் காற்று அதற்குள் புகுந்து கான்கிரீட்டில் வியர்க்க, பிளாஸ்டிக் அந்த ஈரத்தை உலர விடாமல் பூட்டிவிடும். சில ஆண்டுகளில் சட்டம் உளுத்து, புழுங்கல் நாற்றம் எழும். கெட்டியான நுரைப் பலகையை இடைவெளியின்றிக் கான்கிரீட்டிலேயே ஒட்டி, மூட்டுகளை டேப்பால் மூடுவது மேலான வழி. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பை எட்டவே எட்டாது. நுரை தீப்பற்றக் கூடியது என்பதால் அதை வெறுமனே விடக்கூடாது. மேலே பலகை போர்த்தியாக வேண்டும். நீராவித் தடை குறித்த உள்ளூர் விதியை நகராட்சிக் கட்டட ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சாதாரண டிரைவாலின் முகத்தாள் பூஞ்சைக்குத் தீனி. பச்சைத் தாள் போர்த்திய ஈரம் தாங்கும் டிரைவால், வாஷ்பேசின் பக்கத்துக்கும் கதவுப் பக்கத்துக்கும் போதும்; ஷவருக்குள் ஆகாது. அமெரிக்காவின் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு 2006ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஷவர் பகுதியில் டைலுக்கு அடியில் இதை விலக்கிவிட்டது. அங்கே சிமென்ட் போர்டு வேண்டும். எந்தப் பலகையானாலும் அதன் அடிவிளிம்பு கான்கிரீட் தரையைத் தொடக்கூடாது. தரையில் சிந்திய நீரை அறுத்த விளிம்பு உறிஞ்சி மேலே ஏற்றும். அரை அங்குலம் உயர்த்தி நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

சிமென்ட் போர்டு நனைந்தால் உளுக்காது, ஆனால் நீரைத் தடுக்காது. டைல் இடுக்குச் சாந்தும் அப்படியே. நீரைத் தடுப்பது இரண்டுக்கும் நடுவே வரும் சவ்வுதான். ரோலரால் பூசும் ரப்பர்த் தன்மையுள்ள திரவமாகவோ ஒட்டும் தாளாகவோ அது கிடைக்கிறது. மூலைகளிலும், குழாயும் திருகும் துளைக்கும் இடங்களிலும் பட்டை வைத்து அடைப்பதில்தான் வேலைக்காரரின் திறமை தெரியும். சவ்வு பூசிய பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளும் இருந்தால், நடுவில் சிக்கிய ஈரத்துக்குப் போக வழியில்லை. இரண்டில் ஒன்றே போதும். கூடுமானால் ஷவரை வெளிச்சுவரில் அமைக்காமல் உள்தடுப்புச் சுவரில் அமைப்பதே உத்தமம். ஒரே சுவரில் இரு திசை ஈரம் சந்திக்கும் சங்கடம் அதோடு தீர்ந்தது.

கண்ணுக்குத் தெரியும் பூச்சில் தேர்வு எளிது. பீங்கான் டைல், குறிப்பாக நீரை மிகக் குறைவாக உறிஞ்சும் போர்சலின், நெடுங்காலம் உழைக்கும். சுவர்கள் கூடும் மூலையிலும் தரையோடு சேரும் இடத்திலும் சாந்துக்குப் பதில் சிலிக்கோன் இட வேண்டும். அந்த மூட்டுகள் அசைவதால் சாந்து வெடித்துவிடும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இணைப்பு குறைந்த அக்ரிலிக் அல்லது பிவிசி பலகைகள் ஏற்றவை. ஷவருக்கு வெளியே பூஞ்சைத் தடுப்புள்ள அக்ரிலிக் பெயின்ட் போதும். வினைல் சுவர்த்தாளும் எம்டிஎஃப் மரப்பலகையும் மட்டும் வேண்டவே வேண்டாம். முதலாவது ஈரத்தைப் பின்னால் அடைத்து வைக்கும். இரண்டாவது ஈரம் குடித்து உப்பிவிடும்.

இத்தனைக்கும் துணையாக, நிமிடத்துக்குக் குறைந்தது 50 கன அடி காற்றை இழுக்கும் விசிறி தேவை. அதன் குழாய் கூரைப்பலகை இடுக்கில் முடியாமல் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும்.