கல்லும் கவிதையும்: ருசியப் பூங்காவிலிருந்து கதிரவெளி வரை

போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நாட்டும் வழக்கினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாக வகுத்துரைக்கும். வாழ்த்தும் கல்நாட்டலின் ஓர் உறுப்பாதலின், சொல்லின்றிக் கல் நிறைவுறாது என்பது பெறப்படும். இவ்வுறவு ருசியக் கவிதையில் அமைந்தவாற்றை நோக்கி, அது கதிரவெளிக்கு உணர்த்துவது யாதென ஈண்டு ஆராய்வாம்.

பீற்றர்ஸ்பேர்க் நகருக்குத் தெற்கேயுள்ள ஜார்ஸ்கோயே செலோ, ருசியப் பேரரசரின் அரண்மனைப் பூங்காவாகும். 1770ஆம் ஆண்டில் துருக்கியரை வென்ற செஸ்மே கடற்போர், காகுல் தரைப்போர் ஆகியவற்றின் நினைவாக இரண்டாம் கத்தரீன் பேரரசி அங்குத் தூண்களை எழுப்பினாள். செஸ்மே தூண் ஏரிநீரின் நடுவே நிற்கின்றது.

அரண்மனையை அடுத்த கல்லூரியில் 1811 முதல் 1817 வரை பயின்ற புஷ்கின், 1814இல் இப்பூங்காவைப் பாடினார். பழைய வெற்றித்தூண்களை 1812ஆம் ஆண்டு நெப்போலியன் போரோடு இணைத்து அவர் நாட்டின் புகழ் பாடினார். ஆயின் 1819இல் எழுதிய சிறுகவிதையொன்றில், காகுல் தூணருகே தம் உள்ளத்தைக் கிளர்த்துவது அவ்வெற்றியன்று என்கிறார். ஐந்தாண்டுகளில் கல் மாறவில்லை. அதனைக் காணும் நெஞ்சமே மாறியது. அரசு கல்லிற்கு ஏற்றிய பொருளைக் கவிஞன் என்றும் சுமக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

அன்னா அக்மாத்தவா இதனினும் ஒருபடி மேற்சென்றார். இளமையில் அப்பூங்காவருகே வளர்ந்தவர் அவர். மகன் சிறைப்பட்டபோது லெனின்கிராட் சிறைவாயிலில் ஏனைய பெண்களோடு பதினேழு மாதங்கள் காத்துநின்றார். தமக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதாயின் அதனை அரசர் பூங்காவில் அன்று, தாம் நின்ற அவ்வாயிலிலேயே எழுப்புக என ‘இரங்கற்பா’ எனப் பொருள்படும் தம் நூலின் இறுதியில் வேண்டினார். 2006ஆம் ஆண்டில் அச்சிறைக்கு எதிர்க்கரையில் அவர் சிலை நிறுவப்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்தோர்மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் போர் வீரரல்லர். போருக்கு அஞ்சி வந்தோர். வென்றோரைப் பாடும் மரபில் இவர்க்கு இடமில்லை. சங்கப் பாடல்கள் காட்டும் நடுகல்லும் பெரும்பாலும் களத்தில் வீழ்ந்த மறவனுக்கு உரியது.

பெருங்கற்காலக் கல்லறைகளாலும் அறியப்பட்டது கதிரவெளி. அக்கற்களின்கீழ் அடக்கம் பெற்றோர் யாவர் என உரைக்கும் பாட்டு எதுவும் நமக்கு எஞ்சவில்லை; ஆதலின் அவர்தம் பெயரும் எஞ்சவில்லை. வித்தியாலயத்தில் மடிந்தோர்க்கும் அந்நிலை நேரலாகாது. அவர் பெயர்களை ஊரோடும் உறவோடும் திரட்டி எழுதுதலே இன்று நம்மாற் செய்யத்தக்க வாழ்த்தாகும். கல் எக்காலத்தும் நாட்டப்படலாம். பெயர்களை அறிந்தோர் எக்காலத்தும் இரார்.