டிரையத்லான் பயிற்சிக்கு உதவும் ஒர்க்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடிதம் டைப் செய்து பார்த்தாகிவிட்டது. போட்டோக்களைக் காப்பி செய்தாகிவிட்டது. இனி இதை வைத்து என்ன செய்வது?" என்பதே அது. நீங்கள் ஏற்கனவே ஆசையுடன் செய்து வரும் ஒரு வேலைக்குக் கம்ப்யூட்டரைத் துணையாக வைத்துக் கொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வேன். எனக்கு அந்த வேலை டிரையத்லான் பயிற்சி. அலுவலகம் செல்லும் முன்னும், வந்த பின்னும் கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்பவன் நான். வயது 46. பரிசு வாங்கும் எண்ணம் இல்லை. போட்டியை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கெனத் தனியாகப் பயிற்சியாளர் கிடையாது. இருப்பது ஓர் எக்ஸெல் பைல் மட்டுமே. அதனை எப்படித் தயாரிப்பது, அது எதைக் கற்றுத் தரும், எந்த இடத்திற்கு மேல் அது உதவாது என்று இங்கு பார்க்கலாம். தினமும் நடைப்பயிற்சி மட்டும் செய்பவர்களும் இதனைப் பயன்படுத்தலாம்.

மூன்று விளையாட்டு, ஒரே போட்டி

முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், இறுதியாக ஓட்டம். இடையில் நிற்காமல் மூன்றையும் முடிப்பதுதான் டிரையத்லான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஆகும் நேரமும் கணக்கில் சேரும். இந்தப் பெயரில் முதல் போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்தது. 1978ல் ஹவாயில் முதல் "அயர்ன்மேன்" போட்டி நடைபெற்றது. 3.8 கிமீ நீச்சல், 180 கிமீ சைக்கிள், 42.2 கிமீ ஓட்டம். அன்று கலந்து கொண்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டது. அதன் தூரம் 1.5, 40, 10 கிமீ.

புதியவர்கள் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். "ஸ்பிரிண்ட்" என்ற வகையில் 750 மீட்டர் நீச்சல், 20 கிமீ சைக்கிள், 5 கிமீ ஓட்டம்தான். அதைத் தாண்டியவர்களுக்கு, அயர்ன்மேனில் பாதி தூரம் கொண்ட போட்டி 2019ல் கோவாவில் நடந்ததால், வெளிநாடு போகாமலேயே அந்தத் தூரத்தை முயன்று பார்க்கும் வழியும் பிறந்தது.

ஒர்க்ஷீட் தயாரிக்கலாம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் கீழ்க்காணும் எட்டு தலைப்புகளை வரிசையாக டைப் செய்திடவும்: தேதி, பயிற்சி, தூரம், நிமிடம், துடிப்பு, மனம் முன், மனம் பின், குறிப்பு.

தேதியை டைப் செய்ய வேண்டியதில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் அன்றைய தேதி கிடைத்துவிடும். தூரத்தை எப்போதும் கிலோ மீட்டரிலேயே எழுதவும். 750 மீட்டர் நீந்தினால் 0.75 என எழுத வேண்டும்.

நேரத்தை எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். 1:30 என டைப் செய்தால், எக்ஸெல் அதனை ஒரு மணி முப்பது நிமிடம் என எடுத்துக் கொள்ளும். இப்படி எழுதியவற்றைக் கூட்டும்போது, மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், செல்லின் பார்மட்டைப் பொறுத்து, எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது போலக் காட்டலாம். எனவே 90 என நிமிடக் கணக்கிலேயே எழுதுங்கள். சிக்கலே வராது.

ஒரு வாரத்தின் மொத்தம் வேண்டுமா? பார்முலா தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நிமிடம் தலைப்பின் கீழ் அந்த ஏழு நாட்களுக்கான செல்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத் தொகை தெரியும். இந்த எண் வாரத்திற்கு வாரம் திடீரென எகிறக் கூடாது. 200 நிமிடம் செய்தவர் அடுத்த வாரமே 350க்குப் போனால், மனம் தாங்கினாலும் முழங்கால் தாங்காது. மூச்சும் இதயமும் பழகிக் கொள்ளும் வேகத்தில் தசைநாரும் எலும்பும் பழகிக் கொள்வதில்லை.

மெதுவாக ஓடும் துணிவு

அடுத்தது துடிப்பு. நிமிடத்திற்கு எத்தனை முறை இதயம் துடித்தது என்பதை மார்பில் கட்டும் பட்டை அல்லது கை வாட்ச் காட்டும். இதன் அருமையை உணர்ந்தவர் மார்க் ஆலன். இவர் 1982 முதல் 1988 வரை ஆறு முறை ஹவாய் அயர்ன்மேனில் போட்டியிட்டும் வெல்ல முடியவில்லை. 1989ல் அதுவரை ஆறு முறை வென்றிருந்த டேவ் ஸ்காட்டுடன் ஏறக்குறைய எட்டு மணி நேரம் தோளோடு தோளாகச் சென்று, கடைசி ஏற்றத்தில் பிரிந்து, 58 விநாடி வித்தியாசத்தில் முதல் வெற்றி பெற்றார். பின்னர் மொத்தம் ஆறு பட்டங்கள். கடைசியாக 1995ல், 37 வயதில்.

ஆலனின் பயிற்சியில் முக்கிய இடம் பெற்றது பில் மாபெடோன் சொன்ன வழிமுறை. 180லிருந்து வயதைக் கழித்து, உடல்நிலைக்கேற்பச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வரும் துடிப்பைத் தாண்டாமல் அடிப்படைப் பயிற்சி செய்வதுதான் அது. ஆலனுக்கு வந்த எண் 155. அதற்குள் நிற்க வேண்டுமென்றால், அவ்வளவு பெரிய வீரர் வழக்கத்தைவிட மிக மெதுவாக ஓட வேண்டியிருந்தது. பொறுமையாகத் தொடர்ந்தார். மாதங்கள் செல்லச் செல்ல, அதே 155 துடிப்பில் வேகம் தானாகக் கூடியது.

இது எல்லாருக்கும் அச்சாகப் பொருந்தும் சூத்திரம் அல்ல. இதய நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றிற்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த எண்ணையும் பின்பற்றக் கூடாது. ஆனால் இதில் உள்ள மனப்பக்குவம் நம் எல்லாருக்கும் தேவை. பூங்காவில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நம்மைத் தாண்டி ஓடும்போது, கால் தானாக வேகமெடுக்கப் பார்க்கும். அப்போது வாட்ச்சைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதுதான் உண்மையான பயிற்சி. என்னுடைய எண் 134. அதற்குள் ஓடுவது முதல் சில மாதங்கள் ஏறத்தாழ நடைதான்.

பொறுமைக்கு ஒரு படம்

மெதுவாக ஓடினால் முன்னேறுகிறோமா என்பது எப்படித் தெரியும்? இங்குதான் கம்ப்யூட்டர் கை கொடுக்கும். மாதம் ஒரு முறை, 15 நிமிடம் உடலைச் சூடேற்றிய பின், ஒரே பாதையில், ஒரே துடிப்பில் 5 கிமீ ஓடுங்கள். இன்னொரு ஒர்க்ஷீட்டில் தேதி, நிமிடம், தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். நான்காவது செல்லில் சமக்குறி போட்டு, நிமிடம் உள்ள செல்லில் கிளிக் செய்து, சாய்வுக்கோடு இட்டு, தூரம் உள்ள செல்லில் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். ஒரு கிலோ மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற விடை கிடைக்கும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிசைகளுக்கும் பார்முலா போய்ச் சேரும்.

சில மாதங்கள் சென்ற பின், தேதிகளைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடியே இந்த விடைகளையும் தேர்ந்தெடுங்கள். இன்சர்ட் மெனு சென்று லைன் சார்ட் என்பதில் கிளிக் செய்திடவும். கோடு கீழ்நோக்கிச் சரிந்தால் முன்னேற்றம். அது நேராகச் சரியாது. வெயில் காலத்தில் மேலே ஏறும், தூக்கமில்லாத வாரத்தில் ஏறும். ஒரு புள்ளியைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். மொத்தமாகக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். நேற்றைய ஓட்டத்தை மட்டும் நினைத்துப் பார்க்கும் மனதிற்கு இது தெரியாது. அதனால்தான் இந்தப் படம் தேவைப்படுகிறது.

மனதிற்கு இரண்டு நெட்டு வரிசை

மனம் முன், மனம் பின் என்ற இரண்டும் நானே சேர்த்துக் கொண்டவை. கிளம்பும் முன் எவ்வளவு ஆர்வம் இருந்தது, முடித்த பின் எப்படி இருந்தது என 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். மூன்று மாதம் போட்ட பின், டேட்டா மெனுவில் பில்டர் என்பதைக் கிளிக் செய்து, மனம் முன் என்பதில் 3 அல்லது அதற்குக் குறைவாக உள்ள நாட்களை மட்டும் காட்டச் சொன்னேன். கிளம்பவே மனமில்லாத அந்த நாட்களில் பெரும்பாலானவற்றிற்குப் பக்கத்தில் 7, 8 என்று இருந்தது. அதன் பின்னர், காலை ஐந்து மணிக்கு மனம் சொல்லும் சாக்குகளை நான் முழுதாக நம்புவதில்லை. "பத்து நிமிடம் மட்டும் போகலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம்" என்று பேரம் பேசிக் கிளம்பிவிடுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முடித்த பின்னும் மதிப்பெண் தொடர்ந்து மூன்று நாட்கள் குறைவாகவே இருந்து, காலையில் எழுந்தவுடன் பார்க்கும் துடிப்பும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், அது சோம்பல் அல்ல. உடல் ஓய்வு கேட்கிறது என எடுத்துக் கொள்ளலாம். சாக்கு எது, சோர்வு எது என்று பிரித்துப் பார்க்க இந்த எண்கள் உதவும்.

காலியான செல்கள்

சென்ற ஆண்டு அம்மா உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்தார். 16 நாட்கள் இரவும் பகலும் அங்கேதான். வீடு திரும்பிப் பைலைத் திறந்தபோது 16 வரிசைகள் வெறுமையாக இருந்தன. இத்தகைய நேரத்தில் மனம் இரண்டு யோசனை சொல்லும். "எல்லாம் போயிற்று, விட்டுவிடு" என்பது ஒன்று. "விட்டதை எல்லாம் இந்த வாரமே பிடித்துவிடு" என்பது மற்றொன்று. இரண்டுமே ஆபத்து. நான் அந்த வரிசைகளின் குறிப்புக் கட்டத்தில் "அம்மாவுடன்" என்று எழுதி, இழுத்து நிரப்பினேன். அவை வீணான நாட்கள் அல்லவே! மறுநாள் வழக்கமான நேரத்தில் பாதியில் தொடங்கி, மூன்று வாரங்களில் பழைய அளவுக்கு வந்தேன். பயிற்சி என்பது வாழ்க்கைக்குள் நடப்பது. ஒர்க்ஷீட்டில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வராத இடம்

கடலில் இறங்கிய பின் எக்ஸெல் உதவாது. நீச்சல் குளத்தில் அடியில் கோடு தெரியும். பிடித்துக் கொள்ளச் சுவர் இருக்கும். கடலில் இரண்டும் இல்லை. சுற்றிலும் நூறு கைகால்கள். நெஞ்சு படபடக்கும், மூச்சை இழுத்து வைத்துக் கொள்ளத் தோன்றும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நேரும். அப்போது வேகத்தை நிறுத்தி, மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானமாக முழுதும் வெளியே விட வேண்டும். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். முன்னேறிச் செல்லப் பயன்படுத்தாத வரை, பாதுகாப்புப் படகைப் பிடித்து ஓய்வெடுக்கப் பல போட்டிகளில் அனுமதி உண்டு. இறங்கும் முன்னரே இதனைக் கேட்டுத் தெரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும். பயிற்சிக்காகக் கடலில் ஒருபோதும் தனியாக இறங்க வேண்டாம்.

படபடப்பு அடங்கிய பின் மொத்தத் தூரத்தை நினைக்காதீர்கள். அடுத்த மிதவை வரை மட்டும். சைக்கிளில் அடுத்த வாய் தண்ணீர் வரை. ஓட்டத்தில் அடுத்த விளக்குக் கம்பம் வரை. ஒர்க்ஷீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தானே நிரப்பினோம்? அதே பழக்கம்தான் இங்கும் கை கொடுக்கும்.

இறுதியாக ஒன்று. இந்தப் பைலை மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். ஓர் ஆண்டு உழைப்பின் பதிவை வாங்க முடியாது. இன்றே ஒரு பைலைத் திறந்து, எட்டு தலைப்புகளை டைப் செய்து சேவ் செய்திடுங்கள். நாளை காலை அரை மணி நேரம் நடந்தால் போதும். முதல் வரிசை நிரம்பிவிடும்.