குடலோடு ஓர் உரையாடல் – 11: ஆர்கானிக் வெங்காயமும் வெங்காயம்தான்

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்க்குறி) என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டுச் சமையலையே தலைகீழாக மாற்றிவிட்டாராம். மைதா, பிஸ்கட், பாக்கெட் மசாலா எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. அரிசி முதல் கடுகு வரை இயற்கை அங்காடியில்தான். மாதச் செலவு இரு மடங்காகிவிட்டது. “ஆனாலும் சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, கட்டிய புடவையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?” என்று கேட்கிறார்.

கேள்வியோடு தன் ஒரு நாள் சாப்பாட்டையும் எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காலையில் சம்பா கோதுமைக் கஞ்சி, மேலே ஒரு கரண்டி மலைத்தேன். பதினோரு மணிக்கு உலர்ந்த அத்திப்பழம் நாலைந்து. மதியம் மாப்பிள்ளைச் சம்பா சோறு, சின்ன வெங்காய சாம்பார், பூண்டு தட்டிப் போட்ட பொரியல். சாயங்காலம் கொள்ளு சுண்டல். சீசனில் கல் வைக்காமல் பழுத்த மாம்பழம் இரண்டு. படுக்கப் போகும்முன் நாட்டுப் பசும்பால் ஒரு டம்ளர்.

ஒரு சத்துணவு நிபுணர் பார்த்தால் கைதட்டுவார். ஐ.பி.எஸ். குடல் பார்த்தால் அலறும். இந்தப் பட்டியலில் மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிர மற்ற எல்லாமே, சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிற சர்க்கரைகளைச் சுமந்துகொண்டு வருபவை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தைப் பற்றி முன்பே ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே குடல் மருத்துவர் பீட்டர் கிப்சனும் உணவியலாளர் சூ ஷெப்பர்டும் 2005-இல் இந்தச் சர்க்கரைகளுக்கெல்லாம் சேர்த்து ‘ஃபாட்மேப்’ என்று பெயர் வைத்தார்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு, அத்தியில் இருப்பது ஃபிரக்டான். கொள்ளு, துவரை, கொண்டைக்கடலை, மொச்சையில் இருப்பவை ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ். இவற்றை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் யாருக்குமே கிடையாது. பாலில் லாக்டோஸ், அதை வெட்டும் நொதி குழந்தைப் பருவம் தாண்டியதும் நம்மில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. தேனிலும் மாம்பழத்திலும் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம். அளவு கூடினால் அது முழுதாக உள்ளே போகாது. மிச்சமாகிறவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அவை விருந்து. விருந்து முடிந்ததும் வாயு.

அப்படியானால் எல்லோருக்கும்தானே இந்த அவஸ்தை வர வேண்டும்? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஃபிரக்டோஸ், இன்யூலின் (ஃபிரக்டானில் ஒரு வகை) கலந்த பானங்களைத் தனித்தனி நாட்களில் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. தண்ணீரும் வாயுவும் சேர்ந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொந்தரவு மட்டும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அதிகம். மற்றவர் உணராமலே கடந்துபோகிற ஒரு விரிவை இவர்களின் குடல் நரம்புகள் வலியாக எடுத்துச் சொல்கின்றன. “எல்லோரும்தான் சாம்பார் சாப்பிடுகிறோம், உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்கிற மாமியார்களுக்கு இந்தப் படங்களைக் காட்டலாம்.

இனி ஆர்கானிக் விஷயத்துக்கு வருவோம். அது விளைவிக்கும் முறைக்கான பெயர். ரசாயன உரமில்லை, செயற்கைப் பூச்சிமருந்து இல்லை என்பதற்கான சான்று. 2001 முதல் மத்திய அரசின் தேசியத் திட்டம் ஒன்று இதற்கு விதி வகுத்திருக்கிறது. பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதன் பலனாக இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பாரம்பரிய நெல் ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்திருக்கின்றன. மண்ணுக்காகவும், மருந்தடித்தே உடம்பு கெட்டுப்போகிற விவசாயக் கூலிகளுக்காகவும் இயற்கை விளைபொருளை வாங்க நல்ல காரணங்கள் உண்டு. நானும் வாங்குகிறேன். ஆனால் வெங்காயச் செடி தன் குமிழில் ஃபிரக்டானைச் சேர்த்து வைப்பது அதன் பிழைப்புக்கான சேமிப்பு. யூரியா போட்டாலும் பஞ்சகவ்யம் தெளித்தாலும் அது சேர்த்துத்தான் வைக்கும். நாட்டுப் பசுவின் ‘ஏ2’ பாலில் புரதம் வேறு மாதிரி இருக்கலாம். லாக்டோஸ் அதே லாக்டோஸ். சம்பா கோதுமையும் கோதுமைதான்.

கோதுமை என்றதும் பலர் குளுட்டனைக் குற்றம் சொல்கிறார்கள். ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட மாவு அரைக் கிலோவை யானை விலைக்கு விற்பதும் நடக்கிறது. நார்வேயில், செலியாக் நோய் இல்லாமலே குளுட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, பார்க்க ஒரே மாதிரியான மியூஸ்லி பார்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் குளுட்டன், ஒன்றில் ஃபிரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. எது எது என்று தின்றவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் படுத்தியது ஃபிரக்டான். செலியாக் உள்ளவர்களுக்குக் குளுட்டன் நிஜமான எதிரி. அதனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு பொய்யாக வரக்கூடும்.

பாக்கெட் உணவைத் தூக்கிப் போட்டதில் வாசகிக்கு ஒரு லாபமும் இல்லையா? உண்டு. பிரான்சில் 33,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஆலையில் பலபடிகள் கடந்து வரும் உணவை அதிகம் சாப்பிட்டவர்களிடம் ஐ.பி.எஸ். சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. இது தொடர்பு மட்டுமே. அதுதான் காரணம் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சில சந்தேக நபர்கள் தென்படுவார்கள். ‘நார்ச்சத்து மிக்கது’ என்ற பிஸ்கட்டில் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இன்யூலின். அதுவும் ஃபிரக்டான் வகையே. ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டில் மால்டிடால், சார்பிடால்; இவையும் ஃபாட்மேப்களே. மசாலா தூவிய சிப்ஸில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும். டயட் பிஸ்கட் சாப்பிட்டு வயிறு கெட்டவர்கள், தாங்கள் உருப்படியாக ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பில் இன்னும் நாலு சாப்பிடுவது உண்டு.

ஆக, ஆலையில் நடக்கிற பதப்படுத்தலைக் குறைப்பது சரி. பதப்படுத்தாததெல்லாம் குடலுக்கு இதம் என்று அங்கிருந்து தாவுவதில்தான் சிக்கல். தவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தீட்டாத தானியம், முழுக் கோதுமை, தவிடு என்று பல காலம் ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். 1994-இல் மான்செஸ்டர் மருத்துவர் பீட்டர் வோர்வெல் குழுவினர் 100 நோயாளிகளிடம் கோதுமைத் தவிடு பற்றி விசாரித்தார்கள். 55 பேர் அதனால் மோசமானோம் என்றார்கள். நன்றாக இருந்தது என்றவர்கள் 10 பேர். நெதர்லாந்தில் 2009-இல் 275 பேரை வைத்துச் செய்த சோதனையிலும் தவிடு தோற்றது. தேறியது நம் இசப்கோல். தண்ணீரில் ஊறிக் கூழாகும் அந்த விதைத்தோல் மெல்லத்தான் புளிக்கும். அதை நிறையத் தண்ணீரோடு, சிறிய அளவில் தொடங்க வேண்டும்.

தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு அநேகமாக முழுதும் சிறுகுடலிலேயே கரைந்து உள்ளே போய்விடும். சர்க்கரை நோய்க்காரர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவது இதனால்தான், ஐ.பி.எஸ். உள்ளவர்கள் வயிறு கலங்கிய நாளில் அதை நம்பலாம் என்பதும் இதனால்தான்.

நம் சமையலறைகள் செய்துவரும் ‘பதப்படுத்தல்’ தனிக் கதை. கொள்ளையும் மொச்சையையும் ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறோம். ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. கொட்டிய தண்ணீரோடு ஒரு பங்கு போய்விடும். வேகவைத்த தண்ணீரையும் வடித்தால் இன்னொரு பங்கு போகும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கொள்ளு வெந்த தண்ணீரில்தான் ரசமே வைக்கிறோம். பருப்புத் தண்ணீர் ரசமும் அப்படித்தான். சத்து வீணாகக் கூடாது என்பது நியாயமான கவலை, ஐ.பி.எஸ். உள்ளவருக்கு மட்டும் கொஞ்ச நாள் புளித்தண்ணீரிலேயே ரசம் வைத்துக் கொடுக்கலாம். துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு பலருக்கு ஒத்துப்போகும், அளவோடு.

இட்லி மாவு புளிப்பதும் ஒரு உபகாரம். உளுந்தில் உள்ள சர்க்கரைகளில் கணிசமானதை, ராத்திரி முழுக்க மாவில் பெருகும் பாக்டீரியாக்கள் நமக்கு முன்பே சாப்பிட்டுவிடுகின்றன. நம் பெருங்குடலில் நடக்க வேண்டிய புளிப்பு பாத்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. தயிரில் லாக்டோஸ் ஓரளவு குறைகிறது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் மிச்சத்தை வெட்டும் நொதியையும் கொண்டுவருகின்றன. ராத்திரிப் பாலுக்குப் பதில் மதியம் மோர் என்று மாற்றினாலே வாசகிக்கு ஒரு வித்தியாசம் தெரியலாம்.

பூண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பூண்டில்லாமல் வாழ்வா என்று கேட்கிற வீடுகள் உண்டு. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே செக்கு நல்லெண்ணெயில் பூண்டை மெதுவாகப் பொன்னிறமாக வதக்கி, பல்லை எல்லாம் அரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் இருக்கும், ஃபிரக்டான் இருக்காது. முக்கியம்: தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் சேர்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சாம்பாரில் கொதித்த வெங்காயத்தைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைப்பதால் பயனில்லை. வர வேண்டியது குழம்பில் இறங்கிவிட்டது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாக நறுக்கிப் போடலாம். பெருங்காயம் இருக்கவே இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் படாத பெருமாள் கோயில் மடப்பள்ளிப் புளியோதரையை ருசியில்லை என்று யாரும் இதுவரை புகார் செய்ததில்லை. (கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகைக்கு ஐ.பி.எஸ். உள்ளவர் கவலைப்பட வேண்டாம். செலியாக் உள்ளவர் கவலைப்பட வேண்டும்.)

இதெல்லாம் செய்தால் பலன் உண்டா? மோனாஷ் குழு 30 நோயாளிகளுக்கு மூன்று வாரம் ஃபாட்மேப் குறைந்த உணவு, மூன்று வாரம் வழக்கமான ஆஸ்திரேலிய உணவு என்று மாற்றி மாற்றித் தாங்களே சமைத்துக் கொடுத்தது. 2014-இல் வந்த முடிவில், ஃபாட்மேப் குறைந்த உணவு சாப்பிட்டபோது தொந்தரவின் அளவு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. சுவீடனில் 294 பேரை வைத்து 2024-இல் வெளியான ஆய்வில், இந்த உணவு முறையோடு நேரத்துக்கு அளவாகச் சாப்பிடும் பழக்கமும் சேர்ந்தபோது 76 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் 58 சதவீதம். நூற்றுக்கு நூறு எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு – இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலறையில் பரிசோதனை செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டும். குடல் காசநோய் நம் நாட்டில் இன்னும் போய்விடவில்லை; அதுவும் முதலில் இப்படி வரக்கூடும்.

வாசகியின் கடிதத்தில் கடைசி வரி: “இனி ஆயுளுக்கும் வெங்காயம் கிடையாதா சார்?” கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அம்மா. விலக்கி வைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரம். அதற்குள் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். குறையவே இல்லையென்றால் உங்கள் பிரச்சினை வேறு இடத்தில். இந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். முதலில் பால் என்று வைத்துக்கொள்வோம்: ஒரு நாள் கால் டம்ளர், அடுத்த நாள் அரை, அதற்கடுத்த நாள் முழு டம்ளர். மற்றதெல்லாம் பழையபடி. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கோதுமை, அடுத்து கொள்ளு, அடுத்து வெங்காயம். ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்தால் எது படுத்தியது என்று தெரியாமல் போகும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டுதான் ஒத்துக்கொள்ளாது. அதிலும் ஓரளவுக்கு இடம் இருக்கும். காலவரையின்றி எல்லாவற்றையும் ஒதுக்கினால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும். முடிந்தால் இதை ஓர் உணவியல் நிபுணரின் துணையோடு செய்யுங்கள்.

உங்கள் மாப்பிள்ளைச் சம்பா ஒத்துக்கொண்டால் இருக்கட்டும். செக்கு எண்ணெய் குற்றமற்றது. அதற்கும் இந்த உப்புசத்துக்கும் சம்பந்தமில்லை. வெங்காயத்தை மட்டும் கடைசியில் சோதியுங்கள். இரண்டு சின்ன வெங்காயத்தில் தொடங்கலாம், அது எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும்.

(அடுத்த வாரம்: பரீட்சை அன்று காலை ஏன் வயிறு கலங்குகிறது?)