பழங்கணினிகளைப் பேணுதல்

ஏட்டுச்சுவடியைப் படிப்பதற்குக் கண்ணும் பயிற்சியும் போதும். கணினியிற் பதிந்ததைப் படிப்பதற்கோ, அதற்கேற்ற கருவியும் வேண்டும். இவ்வுண்மையை யாம் விளாத்திகுளத்தில் எம் வீட்டுப் பரணில் உணர்ந்தோம். எம் பாட்டனார் கரிசற்காட்டுப் பெண்டிரிடம் கேட்டெழுதிய ஒப்பாரிப் பாடல்களை, 1997-ஆம் ஆண்டில் அச்சகத்தார் ஒருவர் கணினியிற் கோத்து, பிளாப்பி என்னும் வட்டுக்கள் மூன்றில் பதிந்து தந்தார். கையெழுத்துப்படியைக் கறையான் அரித்தது. வட்டுக்கள் உள, அவற்றை ஏற்கும் கணினியோ எம் ஊரில் இல்லை. அன்றியும், அக்காலத்து மென்பொருள் செய்தோர் தமிழெழுத்துக்களுக்கு வெவ்வேறு குறியெண்களை வழங்கினர். ஆதலின் வட்டுத் திறப்பினும் எழுத்துத் தெளியாது.

நிற்க. பழங்கணினிகளைச் செப்பனிட்டு இயக்கிக் காட்டும் காட்சிச்சாலைகள் மேனாட்டில் உள. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்திலுள்ள தேசியக் கணினிக் காட்சிச்சாலை. ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951-ல் இயங்கத் தொடங்கிய, 2½ டன் எடையுள்ள கணினியொன்று அங்குளது. ஒரு பெருக்கலுக்கு அது பல விநாடிகள் கொள்ளும். ஆயினும் சலியாது நெடுநேரம் உழைக்கும். டெக்கட்ரான் எனப்படும் 828 கண்ணாடிக் குழாய்கள் எண்களைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஒளிப்புள்ளி பத்து நிலைகளில் மாறிமாறி நின்று எண்ணைக் காட்டும். ஆதலின் கணக்கு நடப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

1957-ல் அக்கருவி உல்வர்ஹாம்ப்டன் நகரக் கல்லூரிக்குப் பரிசாகச் சென்று, 1973 வரை மாணாக்கர்க்குப் பயன்பட்டது. பின்னர்க் காட்சிப் பொருளாய் நின்று, முடிவிற் பிரிக்கப்பட்டுப் பண்டசாலையிற் கிடந்தது. கெவின் மரல் என்பார் நிழற்படமொன்றில் அதன் இயக்குபலகையைக் கண்டு இனங்கண்டார். தொண்டர்கள் மூன்றாண்டு முயன்று, 2012 நவம்பரில் அதனை மீண்டும் இயக்கினர்.

நம் நாட்டில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் தாமே இயற்றிய டிஃப்ராக் 1960-ல் பணி தொடங்கி, அப்பத்தாண்டிலேயே ஓய்ந்தது. அதன் இயக்கத்தை இன்று நாம் காணுமாறில்லை.

செப்பனிடுதற்கு உதிரியுறுப்புக்களும் வரைபடங்களும் வேண்டும். இவற்றினும் வேண்டுவது அக்கருவியோடு பழகிய கை. உறுப்பைப் புதிதாகச் செய்யலாம். பழகியோர் மறைந்தபின் அவர் அறிவை எங்ஙனம் பெறுவது? ஆதலின் காலந்தாழ்த்தல் தகாது.

நம் கல்லூரியிற் கழித்த கணினிகளை எடைக்கு விற்குமுன், ஒன்றையேனும் இயங்கும் நிலையில் ஓரறையில் வைத்துப் பேணுவோமாக. அதனைக் கையாண்ட ஆசிரியரும் பழைய மாணவரும் அதன் இயல்பை எழுதித் தருவாராக. அவ்வறை திறக்கும் நாளில், எம் வட்டுக்கள் மூன்றனையும் ஏந்தி யாம் வாயிலில் நிற்போம்.